புத்தூர்க் கட்டு என்று நான் சொன்ன பொய்

கோமதி,

நேற்றுக் காலை நீ போனில் பேசி முடித்ததிலிருந்து நான் செய்த எந்த வேலையும் உருப்படவில்லை. குழம்பில் உப்பு போட்டோமா என்ற சந்தேகத்தில் இன்னொரு முறை போட்டிருக்கிறேன். உன் நைனா ஒரு வாய் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், பிறகு மோர் ஊற்றிக்கொண்டார். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது, ஒரு மாதமாகக் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவில்லை, பத்து மணி வரைக்கும் குழந்தையின் சட்டை நாடாவை அவிழ்க்க முடியவில்லை என்றாய். சித்தூர் டாக்டர் இரண்டு கைகளையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, வரும் வியாழக்கிழமை திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றாய். உன் மாமியார் இப்போது வேண்டாம், ஆறு மாதம் முடியட்டும் என்கிறார் என்றாய். எல்லாம் சொல்லிவிட்டு, போனை வைக்கப்போகிற நேரத்தில் இதையும் சொன்னாய்.

"வீட்ல யாருக்காவது இந்த மாதிரி இருக்கான்னு கேட்டாரும்மா. யாருக்கும் இல்லன்னுட்டேன். உனக்குக் கை உடைஞ்சதுதானே?"

நான் "உம்" என்றேன். அந்த ஒரு "உம்"முக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது. போனைப் பிடிக்க விரல் வலிக்கிறது என்பதால்தான் ஸ்பீக்கரில் போடுகிறாய் என்று எனக்கு நேற்றுத்தான் உறைத்தது. பக்கத்தில் உன் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்கும். அவருக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், ஆனால் படிக்க வராது. நீ பள்ளியில் தெலுங்கு படித்தவள் என்றாலும் நான் விடாமல் வீட்டில் உட்கார வைத்துத் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அது இப்படி ஒரு காரியத்துக்கு உதவும் என்று நினைக்கவில்லை. ஆகவே இதை மத்தியானம் குழந்தை தூங்கும்போது நீ மட்டும் படி. எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து அழாதே. பள்ளிக்கூடம் படிக்கும்போதே ஊர்க்காரர்கள் மனு எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள், அவ்வளவு அழகான கையெழுத்து. இப்போது ஒரு பக்கத்துக்கு இரண்டு முறை பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கிறேன். ஞாயிறுக்குள் முடித்துவிட்டால் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் உன் நைனா கொண்டுவந்து கொடுப்பார்.

என் கை உடையவே இல்லை, கோமதி. எந்தப் படியிலும் நான் வழுக்கி விழவில்லை.

நீ விடுதியில் தங்கிக் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது. அப்போது நான் நகரியில் நம் தெருக்கோடி தறி ஷெட்டில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் முதல் நூலை முடி போட வராது. பதினொரு மணிக்கு மேல் கை இளகும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்வேன். இரண்டு மணிக்கட்டும் வீங்கின. நம் ஊரில் மணிக்கட்டு வீங்கினால் வேறு யோசனை உண்டா? புத்தூருக்குப் போனேன், கட்டு போட. அங்கே கட்டுப் போடுகிற பெரியவர் என் வலது கையைத் தடவினார், பிறகு நான் நீட்டாத இடது கையையும் இழுத்துத் தடவினார். "ஒரு கை உடைஞ்சா கட்றேம்மா. ரெண்டு கையும் ஒரே எடத்துல, ஒரே மாதிரி உடையுமா? இது எலும்பு இல்ல. ரத்தத்துல கீற விசயம். திருப்பதிக்குப் போய்ப் பாரு. இங்க வந்து காச கரைச்சிக்கினு இருக்காத" என்று அனுப்பிவிட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கட்டு போட்டிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

திருப்பதிக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், முடக்குவாதம் என்றார்கள். பார்த்தது ஒரு பெண் டாக்டர், உன்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவராக இருப்பார். பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் பீடி, சிகரெட் யாராவது பிடிப்பார்களா? பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருமா? எந்த வேலை, அங்கே தூசி உண்டா? கடைசிப் பிரசவம் எப்போது? கை நோவுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். கடைசியில் கேட்டார்: "உங்க அம்மா, அக்கா, தங்கச்சி யாருக்காவது இப்படி இருக்கா?" நான் "யாருக்கும் இல்லைங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. நீ சித்தூரில் சொன்ன அதே பதில், அதே வேகம்.

பலமனேரில் இருந்த உன் பெரியம்மாவை உனக்கு நினைவிருக்கும். என் சொந்த அக்கா. சின்னப் பிள்ளையாக நீ அங்கே போனால் அவள் விரல்களைப் பார்த்துப் பயப்படுவாய், "பெரியம்மா கை ஏன்மா ஒரு பக்கமா சாஞ்சிருக்கு" என்று கேட்பாய். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு வந்தது அவளுக்கு. நான்கு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவள், ஒரு வருடத்தில் காம்பைப் பிடிக்க முடியாமல் ஆகிவிட்டாள். பச்சை உடம்போடு குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தாள், அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லிச் சொல்லி அது அவள் செய்த தப்பு போலவே ஆகிவிட்டது. அவள் சாகும்வரைக்கும் அதை நம்பினாள். "நான்தான் சொன்ன பேச்சைக் கேக்கல" என்பாள். தண்ணீரில் கை வைத்தால் இது வராது என்று பிறகு அதே திருப்பதி டாக்டர் எனக்குச் சொன்னபோது, பலமனேருக்குப் போய்ச் சொல்ல அக்கா இல்லை.

அக்காவை ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். உனக்கு அப்போது சித்தூரிலிருந்து சம்பந்தம் பேச வந்திருந்தார்கள். நீ இன்னும் படிப்பே முடிக்கவில்லை, ஆனால் நல்ல இடம், பையன் தங்கமானவன். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே நோய் என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வரும் என்பார்கள், எழுந்து போய்விடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினால் அது எப்படியோ சித்தூர் வரைக்கும் நடந்து போய்விடும் என்று பயந்தேன். டாக்டரிடமே பொய் சொல்ல ஆரம்பித்த பிறகு மற்றவர்களிடம் சொல்வது கஷ்டமாக இல்லை.

உன் மாமியார் பெண் பார்க்க வந்த அன்று எனக்கு வலது மணிக்கட்டு சுரைக்காய் மாதிரி இருந்தது. மறைக்க வழியில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பழைய வேட்டியைக் கிழித்து, உன் நைனாவை விட்டு முழங்கை வரைக்கும் புத்தூர்க் கட்டு மாதிரியே கட்டச் சொன்னேன். புத்தூரில் தடவுகிற முட்டை வெள்ளைக்கருவைக்கூடத் தடவினார், வாசனைக்கு. "இன்னாமே, நாடகக் கம்பெனியா நடத்தற?" என்று கேட்டுக்கொண்டே கட்டினார். இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். உன் மாமியார் பார்த்ததும், "ஐயோ வதினா, கைக்கு இன்னா ஆச்சு?" என்றார். அவர் அன்றைக்கே என்னை அண்ணி முறை வைத்து, தெலுங்கில் வதினா என்று கூப்பிட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. "படியில வழுக்கி உழுந்துட்டேன். புத்தூர்ல கட்டிக்கினு வந்தேன்" என்றேன். அத்தோடு முடிந்தது. நம் பக்கத்தில் புத்தூர்க் கட்டைப் பார்த்துவிட்டு மேலே கேள்வி கேட்கிறவர் யார்? எங்கே, எப்படி, எந்தப் படி என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரவர் விழுந்த கதையைத்தான் சொன்னார்கள்.

அந்தக் கட்டை நான் நிச்சயதார்த்தத்துக்கும் கட்டினேன், பட்டுப்புடவை எடுக்கப் போனபோதும் கட்டினேன், கல்யாணத்துக்கும் கட்டினேன். "எங்க வூட்டு மாட்டுக்குக் கால் முறிஞ்சி ரெண்டு மாசத்துல நடந்துக்கினு போச்சி வதினா, உங்க கை இன்னா இன்னும் கூடவே மாட்டேங்குது!" என்று உன் மாமியார் கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் சிரித்தார். நானும் சிரித்தேன். உன் நைனா எழுந்து வெளியே போய்விட்டார்.

கட்டு மட்டும் என்றால் பரவாயில்லை. மாத்திரையையும் நிறுத்தினேன். வீட்டில் கல்யாண வேலைக்கு வருகிறவர்கள் மாத்திரைப் பட்டையைப் பார்த்துவிடுவார்கள், மாதாமாதம் ரத்தம் கொடுக்கத் திருப்பதிக்குப் போனால் ஏன் என்று கேட்பார்கள் என்று நிறுத்தினேன். ஒரு வருடத்துக்கும் மேல். உன் கல்யாணம் முடிந்த பிறகுதான் திரும்பப் போனேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வீக்கத்தை இனிமே அடக்கலாம்மா. தேஞ்சு போன மூட்டைத் திருப்பித் தர முடியாது. இந்த ஒரு வருஷம்தான் முக்கியமா இருந்தது" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு இன்று வரைக்கும் மாதாமாதம் போகிறேன். உன் மாமியாரிடம் பெருமாளுக்கு வேண்டுதல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "வதினாவுக்கு இன்னா பக்தி!" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடிவாரத்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுவிட்டு அடுத்த ரயிலில் திரும்புகிறவளிடம், "லட்டு எங்க வதினா?" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? ஒவ்வொரு முறையும் கூட்டம் என்பேன். மலை ஏறி இரண்டு வருடமாகிறது. பெருமாள் பேரையும் இதில் இழுத்துவிட்டேன்.

உன் வளைகாப்பை இப்போது சொல்லியாக வேண்டும். முதல் வளையலைத் தாய் போடவேண்டும் என்று உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பச்சைக் கண்ணாடி வளையல்கள், நானே நகரியில் பார்த்துப் பார்த்து வாங்கியவை. உன் கைவிரல்களைக் குவித்து, கட்டைவிரலால் உன் விரல் முட்டியை அமுக்கினால்தான் வளையல் ஏறும். முந்தின நாள் உன் நைனாவின் கையைப் பிடித்துப் பழகிப் பார்த்தேன். என் கட்டைவிரலுக்கு அமுக்கும் பலம் இல்லை. வளையல் உடைந்தால் அபசகுனம் என்பார்கள். அதனால் சபையில் எழுந்து, "அண்ணி, நீங்க போடுங்க, எனக்குத் தலை சுத்துது" என்று என் அண்ணன் மனைவியை முன்னால் தள்ளிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. அதன் பிறகு இரண்டு நாள் நீ என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஊர்ல எல்லா அம்மாவும் போடறாங்க" என்று மட்டும் சொன்னாய். போட எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, கோமதி. கை இல்லை.

நேற்று எழுதும்போது இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இன்று ஞாயிறு.

டாக்டர் சொன்னதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல் அடிக்கோடு போட்டு. ஏன் நமக்கு என்று ஒரு நாள் கேட்டேன். "பொம்பளைங்களுக்குத்தான்மா இது அதிகம். ஏன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. இது ஒண்ணால வந்துச்சுன்னு விரல் நீட்ட முடியாது. பல விஷயம் சேர்ந்து வருது" என்றார். ரத்த உறவில் இருந்தால் வாய்ப்பு கூடும், ஆனால் வந்தே தீரும் என்று இல்லை. பிள்ளை பெற்ற பிறகு வருகிற மாதங்களில் சில பெண்களுக்கு இது தலைதூக்கும், அப்போது உடம்பு அசதி என்று விட்டுவிடக்கூடாது. புகை கூட்டும். ஈறு கெட்டுப்போனவர்களுக்கு இது அதிகம் வருகிறது, உடம்பு பருத்தவர்களுக்கும், தூசியில் வருடக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கும் அப்படியே. தாய்ப்பால் கொடுப்பது கெடுதல் இல்லை, நல்லது என்றுதான் சொன்னார், பயந்து நிறுத்திவிடாதே. ஆனால் பால் கொடுக்கிறேன் என்பதை மாத்திரை எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடு, சில மாத்திரைகள் அப்போது ஆகாது. உனக்கு ஈறில் ரத்தம் வருகிறது என்று ஏழாம் மாதத்தில் சொன்னாய், கர்ப்பத்தில் அப்படித்தான் என்று நான் தள்ளிவிட்டேன். பல் டாக்டரிடமும் காட்டு. மாப்பிள்ளை சிகரெட்டை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும், இல்லை விட்டேவிடட்டும். உன் நைனா முப்பது வருடப் பீடியை அந்த ஆஸ்பத்திரி வாசலில்தான் போட்டார். "என் பொகையாலயா உனக்கு இப்டி ஆச்சி?" என்று ரயிலில் திரும்பி வரும்போது நாலு முறை கேட்டார். இல்லை என்றேன். அது பதில் தெரியாத கேள்வி. யாரையும் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் தெரிந்த ஒன்றை மறைத்தது மட்டும் என் வேலை, அதற்கு வேறு யாரும் பொறுப்பில்லை.

உனக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், குழந்தை தூக்குகிற வலியாகவும் இருக்கலாம். அதை ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் "வீட்டில் யாருக்கும் இல்லை" என்று நீ சொன்னால் டாக்டர் ஒரு மாதிரி பார்ப்பார், "அம்மாவுக்கு இருக்கிறது, பெரியம்மாவுக்கு இருந்தது" என்று சொன்னால் வேறு மாதிரி பார்ப்பார். மறைத்ததில் எனக்கு ஒரு வருடம் போய்விட்டது. உனக்கு அது போகக்கூடாது. ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருக்காதே.

இதையெல்லாம் எழுதி, மடித்து, உன் நைனாவிடம் கொடுத்து, "அவ கையில மட்டும் குடுங்க, அவங்க அத்த பாக்காம" என்றேன். அவர் வாங்கவில்லை.

"இன்னும் மறைச்சிக்கினுதான் இருக்கியா?" என்றார்.

"அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா நோய்க்காரக் குடும்பம்னு சொல்லிக் காட்ட மாட்டாங்களா? பொண்ணு அங்க இருக்கணுமே."

"சொல்லட்டும். நாலு நாள் சொல்லுவாங்க. வாய் வலிச்சா நிறுத்திடுவாங்க. இப்ப அந்தம்மா வெந்நி ஒத்தடம் குடுத்துக்கினு, ஆறு மாசம் போட்டும்னு சொல்லிக்கினு கீறாங்க. ஏன் சொல்றாங்க? அவங்களுக்குத் தெரியாது. நீதான தெரியாம பண்ண? அவங்கள நீ கெட்டவங்க மாதிரி எழுதி வெச்சிக்கினு கீற."

நான் முழுவதும் திரும்பப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. உன் மாமியார் தினமும் உன் கையை வெந்நீரில் வைத்துப் பிடித்துவிடுகிறார் என்று நீயே சொன்னாய். குழந்தையைக் குளிப்பாட்டுவது அவர்தான். அவர் வேண்டாம் என்பது உன்மேல் அக்கறை இல்லாமல் அல்ல. பிள்ளை பெற்ற எல்லோருக்கும் வருகிற அசதி என்று நம்புகிறார், பெண் வீட்டில் அப்படி ஒரு நோய் இல்லை என்று நானே அவரை நம்ப வைத்திருக்கிறேன். உன்னைத் திருப்பதிக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது அவர் இல்லை. என் கட்டு.

அதனால் மேலே முதல் பக்கத்தில் நீ மட்டும் படி என்று எழுதியதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன், நான் எப்படி ஆரம்பித்தேன் என்று உனக்குத் தெரியட்டும். ஆனால் அப்படிச் செய்யாதே. திங்கட்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வந்த பிறகு, உன் மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்து இதைச் சத்தமாகப் படித்துக்காட்டு. மாடு கதை வருகிற இடத்தில் அவருக்குக் கோபம் வரும், லட்டு வருகிற இடத்தில் ரொம்பவே வரும். வரட்டும். வதினா, நீங்கள் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், வியாழக்கிழமை மட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அவளை அனுப்பிவையுங்கள். ஒரு நாளைக்கு வேண்டிய பாலை அவள் எடுத்து வைத்துவிட்டு வருவாள்.

நான் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் முதல் ரயில் ஏறி எட்டு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் இருப்பேன், வேப்ப மரத்துக்குப் பக்கத்தில், நான் எப்போதும் நிற்கிற இடத்தில். கையில் துணி சுற்றியிருக்காது. உள்ளே டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது நீ பதில் சொல்ல வேண்டாம். நான் என் இரண்டு கைகளையும் அவர் மேஜைமேல் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா